ஓஸ்கர்ஸ் என்ற அலை

எங்கள் கடலில் அலை நினைத்தபோது கிடைக்காது. பால்டிக் கடல் வருடத்தில் பாதி நாள் குளம் மாதிரி கிடக்கும். மேற்கிலிருந்து புயல் வந்து இரண்டு மூன்று நாள் தண்ணீரைப் போட்டு உலுக்க வேண்டும். அப்புறம் காற்று கிழக்குக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் சில மணி நேரம் மட்டும் அலைகள் வரிசையாக, மடிப்புக் கலையாமல் எழுந்து வரும். அதுவும் கை விரல் விறைக்கும் குளிர்காலத்தில்தான். லியேபாயா ஊரில் சர்ஃபிங் பைத்தியம் பிடித்த பத்துப் பேர் இருந்தோம். அந்தச் சில மணி நேரத்துக்காக வேலையிடத்தில் பொய் சொல்வோம், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் கெட்ட பெயர் வாங்குவோம். நான் டயர் கடையில் வேலை பார்க்கிறேன். புயல் அடித்தால் விஸ்மாவுக்குப் பல் வலிக்கும் என்பது என் முதலாளிக்கு மனப்பாடம்.

அந்தப் பத்துப் பேரில் டக்னியாதான் எங்கள் எல்லாரையும்விடத் திறமைக்காரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகியதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டாள். ஊருக்கு வடக்கே, பழைய கோட்டையின் கான்கிரீட் பாளங்கள் கடலுக்குள் சரிந்து கிடக்கும் இடத்தையும் தாண்டி, பைன் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அலை உடைகிறது. அதைக் கண்டுபிடித்தவள் அவள். எப்படி என்று கேட்டால், "நடந்து போனேன், பார்த்தேன்" என்பாள். அதற்கு ஓஸ்கர்ஸ் என்று அவளுடைய அப்பாவின் பெயரை வைத்திருந்தாள். அவர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து இறந்துபோனவர். அந்த அலையை அவள் காட்டியது இரண்டே பேருக்கு. முதலில் இல்வர்ஸ். அவனுக்கு இரண்டு குளிர்காலம் கழித்து நான்.

இல்வர்ஸ் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். மனைவி, இரண்டு பிள்ளைகள். பேச்சில் ராஜா. அவன் பேச ஆரம்பித்தால் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்பவர்கள்கூட முறையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அவனுக்கும் டக்னியாவுக்கும் இடையில் காதல் கீதல் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீரில் அவள் முதுகைக் காட்டி உட்காரக்கூடிய ஒரே ஆள் அவன்தான். ஒரு ஜனவரியில் அவள் காலில் கட்டியிருந்த கயிறு அறுந்து, பலகை தனியாகப் போய்விட்டது. கடலின் இழுப்பு அவளைக் கான்கிரீட் பாளங்கள் பக்கம் கொண்டுபோனது. இல்வர்ஸ் நீந்திப் போய்ப் பிடித்து, தன் பலகையில் படுக்கவைத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அன்றைக்குக் காரில், ஹீட்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அது என்ன என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

போன நவம்பருக்கு முந்தைய நவம்பரில் ஒரு பெரிய புயல் வந்தது. கூரைத் தகடுகள் பறந்தன. இரண்டாம் நாள் இரவு காற்று அடங்கத் தொடங்கியது. விடிந்ததும் டக்னியாவும் நானும் பலகைகளை என் வால்வோ மேல் கட்டிக்கொண்டிருந்தோம். இல்வர்ஸ் போன் பண்ணினான். டக்னியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வடக்கே போகாதீங்க. நான் இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வர்றேன். தண்ணி ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு, ஓஸ்கர்ஸ் செத்த பாம்பு மாதிரி இருக்கு. நேரா பாப்பெ போங்க, அங்க மணல் திட்டுல நல்லா உடையும்."

"நீ வரலையா?" என்றாள் டக்னியா.

"பசங்கள ஸ்கூல்ல விட்டுட்டுப் பின்னாடியே வந்துடறேன். விஸ்மா, என் பங்கு ரொட்டிய நீ தின்னுடாத."

"நீ வர்ற லட்சணத்துக்கு ரொட்டி வேறயா?" என்றேன். சிரித்துவிட்டு வைத்தான்.

பாப்பெ லிதுவேனியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழியெல்லாம் முறிந்த கிளைகள். போய்ப் பார்த்தால் கடல் ஒரே நுரைக் குழம்பு. அலைக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. சரி, தெளியட்டும் என்று காரிலேயே காத்திருந்தோம். கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும் தின்றோம். இல்வர்ஸின் பங்கை நான்தான் தின்றேன். பிளாஸ்கில் தேநீர் தீர்ந்தது. அவன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

டக்னியா கண்ணாடிக்கு வெளியே ஒரு மீனவர் வீட்டுப் புகைக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை கடல் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"கெழக்குக் காத்துடி இது," என்றாள்.

"சரி, அதுக்கென்ன?"

"கெழக்குக் காத்து அடிக்கும்போது ஓஸ்கர்ஸ் உடையாம இருக்கவே இருக்காது. ஏறிக் கெடக்கிற தண்ணியையும் வெளிய தள்ளிரும். வண்டிய எடு."

"அவன் பார்த்துட்டு வந்தேன்னு சொன்னானே."

"வண்டிய எடு விஸ்மா."

நாங்கள் வடக்கே போய்ச் சேர்ந்தபோது பகல் கரைந்துகொண்டிருந்தது. எங்கள் குளிர்காலத்தில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். காட்டுப் பாதையின் முடிவில், நாங்கள் எப்போதும் வண்டி நிறுத்தும் இடத்தில், டென்மார்க் எண் பலகையோடு இரண்டு வேன்கள் நின்றன. மணலில் சிலர் கேமரா முக்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிறிய பறக்கும் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். இல்வர்ஸ் ரப்பர் உடையோடு, உதடு நீலம் பாரித்து, கோப்பையில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கடைசி வெளிச்சத்தில் ஓஸ்கர்ஸ் உடைந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், கண்ணாடி மாதிரி, இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல்.

எங்களைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் காலியாகிவிட்டது. பிறகு ஓடி வந்தான்.

"டக்னியா, உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் போனே செத்துப்போச்சு. நீங்க கெளம்பினப்புறம் காத்து மாறிடுச்சு. அந்த நேரம் பார்த்து இவங்க வந்து நிக்கிறாங்க. குளிர்க்கடல் சர்ஃபிங் பத்திப் படம் எடுக்கிறாங்களாம். சும்மா அலை ஏறுறத மட்டும் எடுத்துக்கிறோம்னாங்க."

"இடத்தச் சொல்லிருவாங்களா?"

"மாட்டாங்க. என் புள்ளைங்க மேல சத்தியம்."

டக்னியா கடலைப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சா?"

"இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல," என்றான். அது மட்டும் உண்மை என்று அவன் குரலிலேயே தெரிந்தது.

காரில் நான் கத்தினேன். போன் செத்ததாவது, காற்று மாறியதாவது. நம்மைத் துரத்திவிட்டுத்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்றேன். டக்னியா, ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, "அன்னிக்கு ஜனவரியில அவன் வரலைன்னா நான் இன்னிக்கு இல்லடி. ஒரு அலைக்காக அவன சந்தேகப்படச் சொல்றியா?" என்றாள்.

ஏப்ரலில் படம் வந்தது. எங்கள் ஊர்க் கலாசார அரங்கில் திரையிட்டார்கள். டென்மார்க் இயக்குநரே வந்திருந்தார். பாதி ஊர் அங்கே இருந்தது. இல்வர்ஸ் புதுச் சட்டையில், மனைவியோடு முதல் வரிசையில். டக்னியாவும் நானும் நடுவில் ஓரமாக. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு முதியவர், பழைய மேல்கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, காகிதத்தில் சுற்றிய மூன்று கார்னேஷன் பூக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பியபோது அடையாளம் தெரிந்தது. இல்வர்ஸின் அப்பா ஆர்வீட்ஸ். குல்டீகாவில் மகள் வீட்டில் இருக்கிறவர், எங்கும் போகாதவர்.

"பஸ்ல வந்தீங்களா ஐயா?" என்றேன்.

"ஆமாம்மா. அவனுக்குத் தெரியாது. அவன் மூஞ்சி போட்ட போஸ்டர எங்க ஊர் நூலகத்துல ஒட்டியிருந்தாங்க. சின்ன வயசுல தண்ணியக் கண்டாலே அழுவான். இப்ப பாரு." அவர் முகம் முழுக்கப் பெருமை.

விளக்கு அணைந்தது. படம் அழகாகத்தான் இருந்தது. பனி விழுந்த மணல், பைன் மரங்கள், சாம்பல் நிறக் கடல். பிறகு இல்வர்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கையைக் கோப்பையில் சூடுபடுத்திக்கொண்டு பேசினான்.

அப்பாவைப் புதைத்த மறுநாள், என்றான். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். எல்லாரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். என்னால் அங்கே மூச்சுவிட முடியவில்லை. வாசலில் மாட்டியிருந்த அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரையோரமாக வடக்கே நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. கோட்டுப் பையில் கை விட்டால் ஒரு பால் மிட்டாய். பாதி கடித்து, மீதியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். அதை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த அலை உடைந்தது. அதற்கு அப்பாவின் பெயரை வைத்தேன். ஆர்வீட்ஸ்.

அந்த மிட்டாயில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இவனுக்குள் இப்படி ஒரு ஈரமா என்று நினைத்தேன். முன் வரிசையில் அவனுடைய அப்பா உயிரோடு உட்கார்ந்திருப்பது அந்த ஒரு கணம் மறந்தேபோயிற்று. அவ்வளவு நன்றாகச் சொன்னான். பக்கத்தில் டக்னியாவின் கை என் முழங்காலைப் பிடித்தது. வலித்தது. திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டுக்குள் யாரோ புகுந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருப்பதைப் பார்ப்பவளின் முகம் அது.

"எங்க அப்பா," என்றாள், சத்தமே வராமல். "எங்க அப்பா கோட்டு."

அப்போதுதான் முன் வரிசையில் முதியவர் எழுந்தார். திரை வெளிச்சத்தில் அவருடைய தலை ஓஸ்கர்ஸ் மேல் நிழலாக விழுந்தது.

"நான் எப்பப்பா செத்தேன்?" என்றார்.

உரக்கக்கூடச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்பவரைப் போலத்தான் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவரைத் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. அரங்கு வரிசை வரிசையாக அமைதியானது. இயக்குநர், யாரோ முதியவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து மெதுவாகக் கைதட்டினார். முதல் வரிசையில் இல்வர்ஸ் திரும்பவில்லை. அவன் மனைவிதான் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

படம் ஓடி முடிந்தது. வெளிக்கூடத்தில், உள்ளே வரும்போது கழற்றிக் கொடுத்த கோட்டுகளைத் திரும்ப வாங்க எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஆர்வீட்ஸ் தூண் ஓரமாக நின்றிருந்தார். டக்னியாவின் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"எனக்கு இருபது வருஷமா சர்க்கரை," என்றார். "பால் மிட்டாயைத் தொட்டதில்ல. அது யாரோட அப்பாம்மா?"

"என்னோட அப்பா," என்றாள் டக்னியா.

"பேரு?"

"ஓஸ்கர்ஸ்."

அவர் தலையாட்டினார். அதற்குள் இல்வர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். "அப்பா, வாங்க, வெளிய போய்ப் பேசலாம். சினிமான்னா அப்படித்தான், கொஞ்சம் கூட்டிக் கொறச்சு..."

ஆர்வீட்ஸ் மடியில் வைத்து வைத்துக் கசங்கிய காகிதத்தைப் பிரித்தார். மூன்று பூக்களில் ஒன்றை உருவி டக்னியாவிடம் கொடுத்தார். மீதி இரண்டையும் மகன் கையில் வைத்தார். எங்கள் நாட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. கோட்டு வரிசையில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் அது புரிந்தது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். நான் காரில் விடுகிறேன் என்றதற்கு, "வேண்டாம்மா, செத்தவன் நடந்தே போறேன்," என்றார்.

இல்வர்ஸ் கார் நிறுத்துமிடம்வரை எங்கள் பின்னால் வந்தான். அந்த இரண்டு பூக்களையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"டக்னியா, நில்லு. சொல்றதக் கேளு."

அவள் நின்றாள்.

"அவங்க முதல்ல கேட்டதே, இத எப்படிக் கண்டுபுடிச்சேன்னுதான். ஒரு பொண்ணு காட்டினான்னு சொன்னா அந்தப் பொண்ணத்தான எடுப்பாங்க? நீ கேமரா முன்னாடி வந்து நிப்பியா? உனக்கு அதெல்லாம் புடிக்காதுன்னு..."

"அதனால பாப்பெக்கு அனுப்பின."

அவன் தரையைக் காலால் தேய்த்தான். "அனுப்பினேன்," என்றான். "எனக்கு நாப்பது ஆகப்போகுது டக்னியா. குளத்துல குழந்தைங்களுக்கு மூச்சப் புடிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டே கெடக்கேன். மொத தடவையா ஒருத்தன் உக்காந்து, உன் கதையச் சொல்லுன்னு கேக்கறான். சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. வாயத் தொறந்தேன், உன்னோடது வந்துடுச்சு."

"அலையக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. உன் பலகையக்கூட நானே தூக்கிட்டு வந்திருப்பேன்." அவள் குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அந்த மிட்டாய எதுக்குச் சொன்ன?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரிந்தவன், அன்றைக்கு என்னவோ உண்மையைச் சொன்னான்.

"அவங்களுக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது," என்றான்.

டக்னியா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எதிர்பார்த்தவைதான். படத்தில் இடத்தின் பெயர் இல்லை. ஆனால் ஒரு காட்சியில் கோட்டைச் சுவர் ஓரமாகத் தெரிந்தது, தேடுகிறவனுக்கு அது போதும். கோடை முடிவதற்குள் ரீகாவிலிருந்தும் வில்னியஸிலிருந்தும் பலகையோடு கார்கள் வந்து காட்டுப் பாதையைச் சேறாக்கின. கைபேசி வரைபடங்களில் அந்த அலை ஆர்வீட்ஸ் என்று ஏறிவிட்டது. நான் பார்க்கிறவரிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். வெளிக்கூடத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள். மற்றவர்கள், "மூணு பேரும் சேர்ந்துதானே போவீங்க, இப்ப என்ன சண்டை?" என்றார்கள்.

இயக்குநருக்கு எழுது என்று டக்னியாவை நச்சரித்தேன்.

"என்னன்னு எழுத? செத்தது எங்க அப்பாதான்னு நிரூபிக்கவா?" என்றாள்.

ஆர்வீட்ஸ் மகனோடு பேசாமல் இருந்தார். ஜூனில், ஊரே நெருப்பு மூட்டி விடிய விடிய விழித்திருக்கும் கோடைத் திருவிழா நாளில், பேரப்பிள்ளைகள் போன் பண்ணி அழுதிருக்கிறார்கள். மகன் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். போவதற்கு முன் டக்னியாவை அழைத்தாராம். "பெத்துத் தொலச்சுட்டேனேம்மா," என்றாராம். "நீங்க போங்க ஐயா, உங்களுக்கு அவன் புள்ள," என்றிருக்கிறாள் இவள். கோபத்தில் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னாள். அவர் மன்னித்துவிட்டார். மன்னிக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. இவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்த ஜனவரி நாள். அதைத்தான் அவன் தின்று தீர்த்துவிட்டானே.

போன நவம்பரில் மறுபடி நல்ல புயல். கிழக்குக் காற்று. வேண்டாம், வேறு எங்காவது போகலாம் என்றேன். "எங்க போறது? எங்க அப்பா அங்கதான இருக்காரு," என்றாள் டக்னியா. போனோம்.

தண்ணீரில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் முகம் தெரியாதவர்கள். கையுறைக்குள் விரல் மரத்துப்போயிற்று. முகத்தில் பூசிய வாசலினையும் மீறிக் காற்று அறுத்தது. யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. டக்னியா ஓரமாக, தன் பழைய இடத்தில், பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். இல்வர்ஸ் பலகையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். தாடி வளர்த்திருந்தான். வணக்கம் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான்.

அப்போது தூரத்தில் கடல் கறுத்துத் தடித்தது. ஒரு வரிசை. அதில் மூன்றாவது அலை பெரியது. அது நேராக எங்கள் பக்கம் வந்தது. முறைப்படி அது இல்வர்ஸுக்குச் சேர வேண்டியது, உடையும் முனைக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். அவன் மற்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். "யாரும் ஏறாதீங்க," என்று கத்தினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "டக்னியா, போ. இது உன்னோடது," என்றான்.

அவன் கண்ணில் இருந்த கெஞ்சலை நான் பார்த்தேன். அந்த அலைமேல் எழுந்து நிற்க வேண்டும் என்று அவளுடைய தோள் துடித்ததையும் பார்த்தேன். அவள் கையைத் தண்ணீரில் வைக்கவே இல்லை. அலை அவளுக்கு அடியில் நுழைந்து, பலகையோடு அவளை உயரத் தூக்கி, மெல்ல இறக்கிவிட்டு, யாரும் ஏறாமல் கரைவரை தனியாக உடைந்துகொண்டே போனது. இருபது பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லிதுவேனியப் பையன் தன் மொழியில் ஏதோ திட்டினான்.

இல்வர்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே மிதந்துகொண்டிருந்தான். பிறகு கரைக்குப் போய்விட்டான். அதன் பின் டக்னியா மூன்று அலை ஏறினாள். சின்னவைதான். யாரும் கொடுக்காமல், தானே கையால் துழாவிப் பிடித்தவை.

இருட்டியதும் காருக்கு வந்தோம். உடையைக் கழற்றும்போது இருவருக்கும் பல் தந்தியடித்தது. இன்ஜினைப் போட்டுவிட்டு, தெரிந்துகொள்ளும் ஆசையில், நான் கேட்டேன்: "அந்தக் கோட்டு இன்னும் இருக்கா? உங்க அப்பாவோடது?"

அவள் என்னைப் பார்த்தாள். இவளிடம் சொல்லலாமா என்று அளந்து பார்க்கிற பார்வை. இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எதுக்குக் கேக்கற?" என்றாள்.

"சும்மாதான்டி."

"ஹீட்டரக் கூட்டி வை," என்றாள். "கை விறைக்குது."

கூட்டி வைத்தேன். ஊர் வரும்வரை அவள் சாலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.